கேட்டதைச் சொல்லும் சிலை

நப்பின்னை பாய்ந்து வந்து வெண்கலச் சிலையின் காதுகளை இரு கைகளாலும் பொத்தினாள். அதன் எதிரே ஓலை வாசித்துக்கொண்டிருந்த நிதியமைச்சர் அதிவீரர் நிமிர்ந்து பார்த்தார்.

"கையை எடும்மா. விற்பனை உரையை அழகுபடுத்தித் தரச் சொல்லியிருக்கேன்."

"அதுக்கு எங்க விளக்குச் செய்முறை எதுக்கு அமைச்சரே?"

"விவரம் குடுத்தாத்தானே உரை கம்பீரமா வரும்?"

சுடர்நாட்டுச் சந்தையில் நின்ற அந்தச் சிலை, யார் எது கேட்டாலும் இலவசமாகப் பதில் சொல்லும். இன்று ஒருவர் சொன்னதை நாளை வேறொருவர் கேட்டால், அதையும் தயங்காமல் சொல்லும். நாட்டுக்கு இருந்த ஒரே பெருமை, மழையிலும் அணையாத விளக்கு. அதைச் செய்யும் பட்டறையைக் கடலகப் பேரரசுக்கு விற்க மன்னர் முடிவு செய்திருந்தார். அங்கே வேலை செய்யும் விளக்குத் தெருவாரின் வேலைக்கும் வீட்டுக்கும் பங்கம் வரக்கூடாது என்ற நிபந்தனையைப் போராடிச் சேர்த்தவள் பட்டறைத் தலைவி நப்பின்னை. செய்முறை வெளியே போய்விட்டால் பேரரசு ஏன் வாங்கப்போகிறது?

மன்னர் துரிதமாகச் செயல்பட்டார். விளக்குத் தெருவார் சிலையிடம் பேசத் தடை விதித்தார். அது போதாதென்று, தங்களுக்குள் பேசவும் தடை விதித்தார். பட்டறையில் திரி கேட்டுக் கை காட்டியவனுக்கு எண்ணெய்க் குடம் வந்தது. அமைச்சர்களுக்கு மட்டும் விலக்கு.

"வாசிச்சதே அவங்கதானே மன்னா?" என்று கேட்டாள் நப்பின்னை.

"அதனாலதான் விலக்கு. அவங்களுக்கு அனுபவம் இருக்கு."

"நாங்களும் சிலைகிட்ட கேக்குறவங்கதான். பிசின் ஏன் இறுகுதுன்னு மட்டும் கேப்போம். எதுக்குன்னு மூச்சு விடமாட்டோம்."

"கோழைகள்," என்றார் அதிவீரர்.

கடலகத் தூதர் வந்தார். ஆசனத்தில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் பேசினார்.

"அந்தச் சிலையை வார்த்து உங்களுக்கு அன்பளிப்பா அனுப்பினதே எங்க பேரரசர்தான். உங்க அமைச்சர்கள் வாசிச்சதெல்லாம் எங்ககிட்ட இருக்கு. இனிமே பட்டறை எதுக்குன்னுதான் நினைச்சோம்."

அதிவீரர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"ஆனா, அதைப் பார்த்து நாங்க செஞ்ச விளக்கு முதல் தூறல்லயே அணைஞ்சுபோச்சு." தூதர் எழுந்து நப்பின்னையை வணங்கினார். "தலைவியம்மா, உங்க நிபந்தனையில ஒரு எழுத்தும் மாத்தல." ஒப்பந்தத்தில் பேரரசின் முத்திரை பதிந்தது.

மன்னர் நப்பின்னையின் பக்கம் மெல்லக் குனிந்தார். "அரண்மனைக்கு வந்த செய்முறை முழுசு இல்லையா?"

"கடைசிப் படி ஒண்ணு பட்டறையோட நின்னுடும் மன்னா."

"எப்பலேருந்து?"

முத்திரை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே நப்பின்னை பதில் சொன்னாள்.

"நீங்க முடிசூடின நாள்லேருந்து."