வேர்வரையாரும் மஞ்சள் பூ மரமும்

வீட்டுக்குப் பின்னால் நாலு முழம் மண் உள்ளவர்களில் ஒரு தனி இனம் உண்டு. செடி வளர்ப்பதில் இந்த இனத்துக்கு அவ்வளவு ஆசை கிடையாது. வளர்ந்து நிற்பதில் எது அழையா விருந்தாளி, எது எங்கிருந்தோ வந்து நம் மண்ணையும் தண்ணீரையும் சூறையாடுகிறது என்று கண்டுபிடித்து, அதன் கதையை முடிப்பதில்தான் ஆசை. ஆக்கிரமிப்பு மர நிபுணர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சாதாரண மனிதர் உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பார். இவர் உங்கள் தலைக்கு மேலே பார்ப்பார். நீங்கள் "வாங்க, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள், "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்பார். உங்கள் மைத்துனரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து "போன வாரம்தான் வந்தாரு, சீக்கிரம் கிளம்பிடுவாரு" என்று நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னால், அவர் காதில் விழாது. அதற்குள் ஓர் இலையைப் பறித்துக் கசக்கி மோந்து, கண்ணை மூடி, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று தயங்கும் மருத்துவரைப் போல ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்.

பிறகு செல்போன் வெளியே வரும். படம் எடுத்தால் மரத்தின் பெயரைச் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. முதல் படத்துக்கு ஒரு பெயர் சொல்லும். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் வேறு பெயர். கட்டைவிரல் குறுக்கே வந்துவிட்டால் காளான் என்று சொல்லும். நம்மைப் போன்றவர்களுக்கு இதிலேயே நம்பிக்கை போய்விடும். நிபுணருக்குப் போகாது. எந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் வருகிறதோ அது வரும்வரை சளைக்காமல் படம் எடுப்பார். வந்ததும், "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்பார்.

எங்கள் தெரு நிபுணர் தொழிலால் தணிக்கையாளர். பகலெல்லாம் பிறர் கணக்கில் குற்றம் தேடி அலுத்து, சாயங்காலம் பிறர் தோட்டத்தில் தேடி ஆறுதல் அடைகிறார். "வெட்டினா போதாது, வேர் வரைக்கும் போகணும்" என்று வாய்க்கு வாய் சொல்வதால் தெருவில் அவருக்கு வேர்வரையார் என்று பெயர். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேச எழுந்தாலும் மரத்தில்தான் வந்து நிற்பார். "அடையாளம் சொல்றேன், கேட்டுக்குங்க. கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள வளரும். சுத்திலும் கன்னு போடும். அடியில ஒரு புல்லை முளைக்க விடாது. வெட்டினா ஒண்ணுக்குப் பத்தா கிளம்பும்." இதை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத குழந்தை எங்கள் தெருவில் இல்லை.

அவருடைய தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. தெருவில் யாரும் கேட்காத கேள்வி. அங்கே இரண்டே மரங்கள். ஒன்று, நாற்றுப் பண்ணையில் நல்ல விலை கொடுத்து அவரே வாங்கி வந்து, அடுத்த வீடான என் வீட்டுச் சுவரோரம் நட்ட மஞ்சள் பூ மரம். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் குழையும். "தம்பி, சொன்னா நம்பமாட்டீங்க, நேத்து வச்ச மாதிரி இருக்கு, அதுக்குள்ள மாடியைத் தொட்டிருச்சு. பாருங்க, சுத்திலும் எத்தனை குட்டி. அடியில புல்லு பூண்டு ஒண்ணு கிடையாது, துடைச்ச மாதிரி இருக்கு. போன மழையில ஒரு கிளை முறிஞ்சுது, அந்த இடத்துல எத்தனை கொழுந்து வந்திருக்கு தெரியுமா? அப்படி ஒரு உயிர்த்துடிப்பு." ஊரார் மரத்தில் நோய்க்குறியாக இருப்பதெல்லாம் சொந்த மரத்தில் சாமர்த்தியமாகிவிடும். மனிதர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை, பாவம்.

இன்னொரு மரம் அவர் மனைவியுடையது. அந்த அக்கா வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். தையல் இயந்திரம் மேற்குப் பக்க ஜன்னலோரம் இருக்கிறது. அந்த வெயிலைத் தாங்கிக்கொண்டு வெளியே நிற்பது அந்த மரம். அதிகம் வளராது, பூக்காது, கிளை நிறைய இலை, அவ்வளவுதான். இயந்திரம் வாங்கிய வருடம் அக்கா தன் கையால் நட்டது. மத்தியானத்தில் அந்த அறையில் மட்டும்தான் மனிதர் உட்கார முடியும் என்பதால், துணி கொண்டுவரும் பெண்கள் வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒருநாள் வேர்வரையாரின் பார்வை அதன் மேல் விழுந்தது.

"இதுக்குப் பேரு என்ன?" என்றார்.

"பேரெல்லாம் தெரியாதுங்க" என்றார் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி.

"பேரே தெரியாத மரத்தை வீட்டுல வச்சிருக்கோமா?"

"நிழல் தருதே, அது போதாதா?"

போதாது. பேர் இல்லாத எதையும் தணிக்கை ஏற்காது. போன் வெளியே வந்தது, படம் எடுத்தார், பிடிக்காத பெயர்களாகவே வந்துகொண்டிருந்தன, விடாமல் எடுத்தார், கடைசியில் இருட்டப்போகும் நேரத்தில் எடுத்த படத்துக்கு அவர் எதிர்பார்த்த சொல் வந்தது. தீர்ப்பு ஆகிவிட்டது.

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் நடந்தது சுவரைத் தாண்டி என் வீட்டு அடுப்படிவரை கேட்டது. "அதை வெட்டிட்டா நான் எங்கங்க உட்கார்ந்து தைக்கறது? மத்தியானம் அடுப்புல வச்ச பாத்திரம் மாதிரி சுடுமே அந்த ரூம்" என்று அக்கா கேட்கும்போது குரல் உடைந்துபோயிற்று. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நம்ம வீட்டுல விட்டா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?" என்றார் அவர். நிழல் போனால் அக்காவின் பிழைப்பு போகும், சிரித்தால் அவர் மானம் போகும். எது பெரியது என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கு அன்று அந்த மனிதர் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. பிறகு அக்கா, "சரி, ஆளை வரச் சொல்லுங்க" என்றார். சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்த இனத்தின் இன்னொரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மரத்துக்குத் தண்டனை விதிப்பார்களே தவிர, வெட்டும் இடத்தில் நிற்க மாட்டார்கள். அதற்குள் அடுத்த ஆய்வுக்குக் கிளம்பியிருப்பார்கள். மரம் வெட்டுகிறவர் ரம்பத்தோடு வந்து கேட்டைத் தட்டியபோது வேர்வரையார், "உள்ள அம்மா இருக்காங்க, எதுன்னு காட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். என் வேலியோரம் நிற்கும் ஒல்லி மரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

இலையைக் கசக்கினார். மோந்தார். பெருமூச்சு விட்டார். அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திர ரம்பம் உறுமத் தொடங்கியது.

"கேக்குதா தம்பி?" என்று முகம் மலர்ந்தார். "நம்ம வீட்டுல ஆரம்பிச்சாச்சு. சொல்றதை முதல்ல நாம செய்யணும். வீட்டுக்காரியே பிடிவாதம் பிடிச்சா. நான் விடல. பாசம் பார்த்தா வேலை ஆகாது."

அவர் முதுகைச் சுவருக்குக் காட்டி நின்றிருந்தார். நான் சுவரைப் பார்த்து நின்றிருந்தேன். அவர் தலைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கொத்து மெல்ல ஆடியது. பிறகு நன்றாக ஆடியது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். "குறுக்கே பேசாதீங்க, முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்" என்றார். எனக்கென்ன, மூடிக்கொண்டேன்.

தடால் என்று விழுந்தது. சுவருக்கு மேலே வானம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது.

ஓடினார். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான். அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு தையலறை வாசலில் நின்றிருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டே?"

"நீங்க சொன்னதைத்தாங்க பண்ணினேன். சீக்கிரம் வளரும், கன்னு போடும், அடியில புல்லு முளைக்காது, வெட்டினா கிளம்பும்னு கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னீங்களே. அந்த ஜன்னலோரத்துல கன்னும் இல்லை, ஒண்ணும் இல்லை, அடியில புல்லுகூட இருக்கு. இதுல எல்லாம் இருந்துச்சு. அதான் இதைக் காட்டினேன்."

மரம் வெட்டுகிறவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இத்தோடு மனிதர் திருந்தினார் என்று நினைத்தால், உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அடுத்த கூட்டத்தில் வேர்வரையார் எழுந்தார். "ஆசை ஆசையா வளர்த்த மரம். ஆக்கிரமிப்புன்னு தெரிஞ்சதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல" என்றார். குரல் தழுதழுத்தது, அது மட்டும் நடிப்பில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார், கொஞ்சம் மெதுவாக. புகழை அவரிடம் விட்டுவிட்டு மரத்தைத் தாம் வைத்துக்கொண்டார். அவ்வளவு லாபமான பாகப்பிரிவினையை நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு குறை. துக்கத்தில் அவர் அந்தப் பக்கமே போகாததால் அடிமரத்தை யாரும் தோண்டவில்லை. முதல் மழைக்கு வேரிலிருந்து கன்றுகள் கிளம்பின. அவர் பக்கம் ஒரு வரிசை, சுவருக்கு அடியில் நுழைந்து என் பக்கம் ஒரு வரிசை. ஒருநாள் சாயங்காலம் போனும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உங்க வீட்டுலேர்ந்து எங்க வீட்டுக்குப் பரவுது. கொஞ்சம் கவனிங்க."

நல்லவேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. இதைப் படிக்கும்போது எதிர் வீட்டுக்காரர் நினைவு வந்ததே, அவரிடம் காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றியதே. தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் இதே பக்கத்தை அவர் போன வாரமே படித்துவிட்டார். படித்து முடித்ததும் சத்தமில்லாமல் எழுந்து வந்து, உங்கள் தோட்டத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.