டாக்டரின் டீயைக் குடித்த அண்ணன்

கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது, காது கேட்காது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் அண்ணன் முருகேசனுக்கு இரண்டு வியாதிகள். சர்க்கரைக்கு ஊசி. காதில் யாரோ பேசுவது போல் கேட்கும் மனநோய்க்கு மாத்திரை. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதை எந்த ஆஸ்பத்திரியும் மன்னிப்பதில்லை.

அன்று காலை அண்ணன் ஊசி போட்டுக்கொண்டு இட்லிக்கு உட்கார்ந்தான். "டோக்கன் போயிரும்ணே, அங்க போயிச் சாப்பிட்டுக்கலாம்" என்று காளவாசலில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றினேன். (அந்த மகா புத்திசாலி நான்தான்.)

சர்க்கரை டாக்டர் ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்தார். "இவரை மொதல்ல மனநலத்துல காட்டிட்டு வாங்க." மனநலத்திலோ, "சுகர் எம்புட்டு இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்கம்மா." மூன்று முறை மாடி ஏறி இறங்கினோம். இட்லியை யார் நினைத்தார்கள்?

அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. "பாப்பா, ஒரு மிட்டாய் வாங்கிக் குடு."

"சுகர வச்சுக்கிட்டு மிட்டாயா? பேசாம வாண்ணே!"

மறுபடி சர்க்கரை டாக்டர். அண்ணனின் கை நடுங்குவதைக் காட்டினேன். நிமிராமலே, "அது மனநோய்தாம்மா, அங்க போங்க" என்றார்.

ஃபைலை மேசையில் அறைந்தேன். "எங்கண்ணே என்ன பந்தா, ஆளாளுக்கு ஒதச்சு விளாட?" மாடி முழுக்கக் கேட்டிருக்கும். வாட்ச்மேன் ஓடி வந்தார். அதே நேரம் அண்ணன், டாக்டரின் டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டான். "பிடிங்க, பிடிங்க!" என்று அலறினார் டாக்டர். வாட்ச்மேன் ஒரு கணம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, என்னைப் பிடித்தார்.

சற்று நேரத்தில் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னான்: "ஊசி போட்டுட்டுச் சாப்பிடல, எனக்குச் சுகர் கொறஞ்சிருச்சு டாக்டர். அதான் மிட்டாய் கேட்டேன். ஒருத்தரும் காதுல வாங்கல."

விரலில் குத்திப் பார்த்தார்கள். அவ்வளவு டீ உள்ளே போன பிறகும் சர்க்கரை குறைவாகத்தான் இருந்தது. முதல் பக்கத்தோடு நின்றுவிட்ட அந்த டாக்டர் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவருக்கும் முன்பே அண்ணனின் வாயை அடைத்தது நான்.

இப்போது அண்ணனின் சட்டைப் பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். வீட்டில் நான் கத்தத் தொடங்கினால் ஒன்றை எடுத்து நீட்டுவான். "சுகர் கொறஞ்சிருச்சு போல, போட்டுக்க பாப்பா." என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்று நான் வாங்கித் தராத மிட்டாய். வாயை மூடிக்கொண்டு சப்புவேன்.