வெறும்பெட்டி அண்ணாச்சி

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் துணைவேந்தருக்குத் தெரியாமல் வெளிநாடு போய்வந்தவர்கள் உண்டு. வெறும்பெட்டி அண்ணாச்சிக்குத் தெரியாமல் போனவர் ஒருவரும் கிடையாது.

திருநெல்வேலியில் எங்கள் கணினி மையத்துக்கு அவர்தான் பொறுப்பு. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போகிற ஆசிரியர்கள் சொந்த லேப்டாப்பை ஊரிலேயே வைத்துவிட்டு, அவரிடம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. அதில் போகிற காரியத்துக்கு வேண்டியது மட்டும் இருக்கும். மற்றபடி கழுவிக் கவிழ்த்த பாத்திரம்தான். வழியில் தொலைந்தாலும், யாராவது வாங்கி வைத்துக்கொண்டாலும் உள்ளே எதுவும் இல்லை என்பதால் கவலை இல்லை. திரும்பி வந்ததும் இருக்கிற கொஞ்சத்தையும் அழித்துவிடுவார். லேப்டாப் அவர் வாயில் பெட்டிதான், அதனால்தான் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

நாம் பாஸ்வேர்டு அடிக்கும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அவர் அடிக்கும்போது நாம் திரும்பிக்கொள்ள வேண்டும். நானும் அவரும் மாறி மாறி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த புதிய பியூன் ஒருவர், எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று நினைத்து, காப்பியை ஆளுக்கொரு மூலையில் வைத்துவிட்டுப் போனார்.

“வீட்டுலயும் இப்படித்தானா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“என் போன் பூட்டு அவளுக்குத் தெரியாது, அவ பூட்டு எனக்குத் தெரியாது. வீடு நிம்மதியா ஓடுதுவே.”

வேதியியல் பேராசிரியர் ஒருவர் ஜெர்மனி போகும்போது தன் லேப்டாப்பில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே ஏற்றித் தரச் சொன்னார். அண்ணாச்சி அதைத் திறந்து பார்த்தார். “ஜெர்மனிக்காரன் நம்ம பிள்ளைகளோட இன்டர்னல் மார்க்கப் பாத்து என்னவே செய்யப் போறான்?” என்று கேட்டு, அவர் பேசப்போகிற கட்டுரையை மட்டும் ஏற்றிக் கையில் கொடுத்தார்.

தாவரவியல் மேடம் சிங்கப்பூர் கிளம்பியபோது, விமான நிலையத்தில் கண்ட இடத்தில் போனைச் சொருகி சார்ஜ் போடக் கூடாது என்று பயமுறுத்தி அனுப்பினார். “கரண்டு மட்டுமா வருது அதுல?” மேடம் அங்கே சுற்றிலும் சார்ஜ் போட இடமிருக்க, செத்த போனோடு உட்கார்ந்திருந்தார். அழைக்க வந்தவர் ஒரு வாசலில், இவர் ஒரு வாசலில். ஊருக்கு வந்து அண்ணாச்சியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சிக்கு அதில் வருத்தமே இல்லை. “பெட்டி பத்திரமா வந்துட்டுல்லா” என்றார்.

மலேசியா போன தமிழ்த்துறைக்காரர் திரும்புகிற விமானத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதி, அந்த இரவல் பெட்டியிலேயே வைத்திருந்தார். அதைச் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி அழித்து முடித்துவிட்டார். மனிதர் கண்கலங்கி நின்றார். “நல்ல கட்டுரைன்னா ஞாபகத்துல இருக்கும்வே. பைய ஒக்காந்து எழுதும்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

என் முறை வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சமூகவியல் ஆசிரியர். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களிடம் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். மேலப்பாளையம், சாத்தான்குளம் பக்கத்துக் கிராமங்கள் என்று அலைந்து சேர்த்த குரல்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டது, அடி வாங்கியது, தப்பி ஓடிவந்தது என்று எல்லாவற்றையும் பேரோடும் ஊரோடும் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச அழைப்பு வந்தது அதே வளைகுடாவில் ஒரு நாட்டிலிருந்து.

“அண்ணாச்சி, என் பேச்சு முழுக்க அந்தப் பதிவுலதான் இருக்கு. என் லேப்டாப்பையே கொண்டுபோறேன்.”

“அதுல ஆளுக பேரு இருக்கா?”

“இருக்கு.”

“வேல பாத்த வீடு, மொதலாளி பேரு?”

“இருக்கு.”

“அப்பம் அந்த ஆளுகள்ட்டயே போயிக் கேளும். ஒங்க பேச்ச எல்லாம் எடுத்துக்கிட்டு அங்கனயே போறேன், சரியான்னு. சரின்னா கொண்டுபோவும். நான் குறுக்க நிக்கல.”

கோபத்தோடுதான் மேலப்பாளையம் போனேன். என்னிடம் பேசியவர்களில் காதர் என்பவர், நான் போகவிருந்த அதே நாட்டில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்து, அடி தாங்காமல் ஊருக்கு வந்து ஆட்டோ ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆட்டோவின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“என் தம்பி இன்னும் அங்கனதான் சார் இருக்கான். அதே வீட்டுல” என்றார்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, பெயர் சொல்லாமல் நடந்ததை மட்டும் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு வெறும்பெட்டியை எடுத்து வைத்தார்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கியதும் என்னைத் தனியாக ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். நான் காட்டவிருந்த படங்கள் மட்டும் இருந்தன.

“மீதி எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இவ்வளவுதான்.”

“பேராசிரியர் என்கிறீர்கள். ஒன்றுமே இல்லையே?”

எங்கள் ஊரில் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், அவர்தான் அழித்துத் தந்தார் என்று விளக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அந்தப் பதற்றத்தில் தெரியவில்லை. மூத்த சகோதரர் என்று சொல்லித் தொலைத்தேன்.

“உங்கள் அண்ணன் எதற்காக உங்கள் லேப்டாப்பை அழித்தார்?” என்று கேட்டு, பதிலுக்குப் பேனாவோடு காத்திருந்தார்.

வெகுநேரம் உட்கார வைத்தார்கள். ஒன்றும் இல்லாததுதான் அவர்களுக்குச் சந்தேகம். அண்ணாச்சியை மனதுக்குள் திட்டினேன். அந்த மேஜையில் என் சொந்த லேப்டாப் இருந்திருந்தால் என்று நினைத்ததும் திட்டு நின்றுவிட்டது. காதரின் குரலை இந்த மனிதர் கேட்டுக்கொண்டிருப்பார். ஏதோ ஒரு வீட்டில் ஒரு பையன், எதற்கு என்று தெரியாமலே அடி வாங்குவான். கடைசியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள். படங்கள் இல்லாமலே பேசினேன். ஒரு மனிதர், ஓர் ஊர் என்றுதான் சொன்னேன். கேட்டவர்கள் அசையாமல் இருந்தார்கள்.

பெட்டி போய்விட்டது என்று அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் திரும்புகிற வழியெல்லாம் கவலை. அது திரும்பி வரவில்லை என்றால் மனிதர் என்ன ஆவாரோ. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“பெட்டி கெடக்குவே. வேற வாங்கலாம். ஒம்ம எம்புட்டு நேரம் ஒக்கார வச்சாங்க? தண்ணி குடிக்கக் குடுத்தாங்களா?” என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொன்ன பிறகும் என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அண்ணாச்சி ஓய்வு பெற்று நாங்குநேரியில் இருக்கிறார். சமீபத்தில் காதர் போன் செய்து ஒரு சேதி சொன்னார். கேட்டதும் பஸ் ஏறி நாங்குநேரிக்குப் போனேன்.

“அண்ணாச்சி, அன்னைக்கு ஒருத்தரோட தம்பி அங்க இருக்காருன்னு சொன்னேன்லா. அந்தத் தம்பி பேரு...”

“பேரு வேண்டாம்வே” என்று கையை உயர்த்தினார். “ஊரும் வேண்டாம். வந்து சேந்துட்டானா, அத மட்டும் சொல்லும்.”

“வந்துட்டாரு அண்ணாச்சி. நல்லாருக்காரு.”

உள்ளே திரும்பி, ஆள் வந்திருக்கிறது, இலை போடு என்று குரல் கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்தோம். மின்வெட்டு, மழை, யார் யார் ஓய்வு பெற்றார்கள் என்று ஏதேதோ பேசினோம். மோருக்கு வந்தபோது அண்ணாச்சி இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வந்து சேந்தவனுக்குக் கல்யாணம் ஆயிட்டாவே?”