ரோஸ் கலர் மோட்டார்

"அதை வெளியே எடுக்கப் போறீங்களா, இல்ல நான் அது தலையில தண்ணி ஊத்திக்கிட்டே குளிக்கட்டுமா?"

மனைவி தோளில் துண்டோடு பாத்ரூம் வாசலில் நின்றாள். உள்ளே, சுவரில் அடித்த பலகையில் படகு மோட்டார் ஜம்மென்று மாட்டியிருந்தது. அதன் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சோப்புப் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஊத்தாதே. துரு புடிக்கும்."

"தண்ணியிலயே ஓடுற சாமானுக்குத் துரு புடிக்குதா? உங்க மூளைக்குத்தான் புடிச்சிருக்கு."

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறாத நேரம் எது? படகுத்துறையில் அவனுக்கு வைத்த பெயர் குக்கர். அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு விசில் அடித்துவிட்டுத்தான் அடங்குவான்.

ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் ஏற்றுகிற படகு அவனுடையது. மோட்டார் இருந்தால்தான் அது படகு. இல்லாவிட்டால் தண்ணீரில் மிதக்கிற பெஞ்சு. வீட்டில் நாலு வயிறு அந்த மோட்டாரைப் பிடித்துத்தான் தொங்கின.

போன வாரம், அதே துறையில் படகு ஓட்டும் நெட்டையனுடைய மோட்டார் திருட்டுப் போனது. படகைக் கழுவுவதற்காகக் கழற்றி ஒரு சுவர் நிழலில் சாய்த்துவிட்டு, பிரஷ் வாங்கக் கடைக்குப் போய்வருவதற்குள் மோட்டாரைக் காணோம். அன்று மாலையிலிருந்து குக்கர் தன் மோட்டாரைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பதினெட்டுப் படி ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறான். நாற்பது கிலோ. திருடன் எவ்வளவு பெரிய பாவி என்பது சுமக்கிற தோளுக்குத்தான் தெரியும்.

"எல்லாம் அந்த நெட்டையனால வந்த வினை," என்றான். "பொருள் மேல ஒரு கண்ணு வேண்டாமா மனுஷனுக்கு?"

"அவரே பொழப்பு போயி நிக்கிறாரு. அவரைப் போய்த் திட்டுறீங்களே!"

"திட்டுவேன். அந்த மெக்கானிக்கையும் திட்டுவேன். ரிப்பேருக்கு விட்டா நாளைக்கு, நாளைக்குன்னு அஞ்சு நாள் இழுத்தடிச்சான். போய்ப் பார்த்தா பட்டறையைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான். மோட்டார் அனாதையா வெளிச்சுவர்ல சாஞ்சு நிக்குது! நான் பார்த்துத் தூக்கிட்டு வந்தேனோ, பொழைச்சேன். ஊர்ல ஒருத்தனுக்காவது பொறுப்பு இருக்கா?"

வேலை என்னவோ சுத்தம்தான். முன்பெல்லாம் பத்துத் தடவை கயிற்றை இழுத்தால் ஒரு தடவை இருமும். இப்போது ஒரே இழுப்பில் பாடியது. அதற்காக மெக்கானிக்கை மன்னித்துவிட முடியுமா என்ன?

அப்போது கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"தம்பி, என் வீட்டுச் சாக்கடையில தண்ணி போகுதா, எண்ணெய் போகுதா? பெட்ரோல் நாத்தத்துல அடுப்புப் பத்தவைக்கவே பயமா இருக்கு. இன்னிக்குள்ள அது வெளியே போகணும். இல்ல, அதோட சேர்ந்து நீங்களும் போகணும்."

குக்கர் மோட்டாரைத் தோளில் போட்டான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே இறங்கியதில் பதினெட்டுப் படியும் தெரியவில்லை.

துறையில் நெட்டையன் வேலையில்லாமல் தன் பெஞ்சில், அதாவது படகில், உட்கார்ந்திருந்தான். ஓடிவந்து ஒரு கை கொடுத்தான்.

"சங்கிலி போட்டுக் கட்டிடுங்கண்ணே. நல்ல பூட்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு, தரேன். எனக்கு இனிமே எதுக்கு?"

"இவ்வளவு நல்ல பூட்டை வச்சுக்கிட்டா பறிகொடுத்தே? போட்டுப் பூட்டியிருக்கக் கூடாதாடா?"

"பிரஷ் வாங்கிட்டு வந்து பூட்டலாம்னு இருந்தேண்ணே."

குக்கர் பல்லைக் கடித்தான். பூட்டைப் போட்டான். ஆனால் பூட்டை உடைக்கிறவனும் திருடன்தானே? யோசித்தான். துறையில் இருக்கிற பதினாறு படகுக்கும் ஒரே கம்பெனி மோட்டார், ஒரே கறுப்பு. திருடன் கறுப்பைத்தான் தேடுவான். கலரை மாற்றிவிட்டால்?

வீட்டுக் கதவுக்கு அடித்தது போக மிச்சம் அரை டப்பா பெயின்ட் இருந்தது. ரோஸ் கலர். நெட்டையன் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, குக்கர் மேலிருந்து கீழ்வரை இழுகினான்.

"ஸ்டிக்கரையும் உரிச்சுடுங்கண்ணே. கம்பெனி பேரைப் பார்த்தாத்தானே ஆசை வரும்?"

"உனக்குக்கூட மூளை வேலை செய்யுதேடா!"

ஸ்டிக்கர் போனது. நம்பர் தகட்டின் மேல் மூன்று கோட்டிங் ஏறியது. முடிந்ததும் நெட்டையன் தள்ளி நின்று பார்த்தான்.

"பெத்த தாயே வந்தாலும் அடையாளம் தெரியாதுண்ணே," என்றான்.

மறுநாள் முதல் நடையில் ஒரு நர்சம்மா பின்பலகையில் உட்கார்ந்தார். அக்கரையில் இறங்கும்போது அவருடைய வெள்ளை யூனிஃபார்மில் தோளிலிருந்து இடுப்புவரை ரோஸ்.

"காயாத பெயின்டை வச்சுக்கிட்டு ஆளை ஏத்துறியே, அறிவிருக்கா? நான் ஊசி போடப் போறேனா, நாடகத்துக்குப் போறேனா?"

"பார்த்து உக்காரணும்மா!"

"பார்த்து உக்காரவா? இனிமே உன் படகைப் பார்க்கவே மாட்டேன்!"

மாலைக்குள் இரண்டு கரைக்கும் செய்தி பரவிவிட்டது. வேட்டி கட்டியவர்கள் எல்லாம் பக்கத்துப் படகில் ஏறினார்கள். குக்கர் காலியாகப் போய்க் காலியாக வந்தான். கோபம் மட்டும் படகு நிறைய இருந்தது.

நெட்டையன்மேல் கத்தினான், அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆற்றின்மேல் கத்தினான், அது பாட்டுக்கு ஓடியது. கடைசியில் படகுக்காரர் சங்கத்துக் கொட்டகைக்குள் நுழைந்து மேஜையைத் தட்டினான்.

"எனக்குப் பாத்ரூம் போச்சு, பொழப்பு போச்சு, மானம் போச்சு. எல்லாத்துக்கும் காரணம் அந்தத் திருட்டுப் பய! அவனுக்கு என்ன தண்டனைன்னு இப்பவே எழுதுங்க!"

"முதல்ல ஆளைப் புடிப்போம்ப்பா," என்றார் சங்கத் தலைவர்.

"புடிச்சப்புறம் அவன் அழுவான், நீங்க உருகிடுவீங்க. இப்பவே எழுதுங்க. மோட்டாரைத் தூக்கினவன் படகுக்காரனாத்தான் இருப்பான். மூணு மாசத்துக்கு அவன் படகு தண்ணியில இறங்கக் கூடாது. அந்த மூணு மாசமும் அவன் நெட்டையன் படகுல தண்ணி இறைக்கணும், பலகை துடைக்கணும்."

"பாவம்ணே," என்றான் நெட்டையன். "அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

"வாயை மூடுடா! புள்ளகுட்டிக்காரன் செய்யுற வேலையா இது? மோட்டாரை இந்நேரம் உருத் தெரியாம மாத்தி, எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பான், களவாணி!"

தலைவர் பேனாவை எடுத்தார். "யாரா இருந்தாலுமா?"

"என் கூடப் பொறந்தவனா இருந்தாலும்!"

மற்ற பதினைந்து பேரும் கை தூக்கினார்கள். குக்கர் இரண்டு கையையும் தூக்கினான். முதல் கையெழுத்தும் அவன்தான் போட்டான், பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்தி.

அந்த நேரம் பார்த்து, பஸ்ஸிலிருந்து இறங்கிய மெக்கானிக் பையோடு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே கூட்டம்?"

"வாய்யா, பொறுப்புள்ள மனுஷா! மோட்டார் திருடினவனுக்குத் தண்டனை எழுதியாச்சு. நீயும் ஒரு கையெழுத்துப் போடு!" என்றான் குக்கர்.

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்தான்.

"போடுறேண்ணே, முதல்ல உங்க மோட்டாரை எடுத்துக் குடுத்துடுறேன். வெளியில வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்னுதான், உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனேன்."