மொட்டைத் தலைக்கும் கிட்டாருக்கும்

"வர்ற வெள்ளிக்கெழம மலைக்குப் போறோம். உன் முடிய எறக்கிடணும்," என்றாள் அம்மா ரத்னம்மா.

லோகேஸ்வரனின் கையிலிருந்த இட்லி வாய்க்குப் போகாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ராக் இசைப் போட்டி. இடுப்பு வரை தொங்கும் முடி இல்லாமல் மேடை ஏறுவதும் இடுப்பில் துணி இல்லாமல் ஏறுவதும் அவனுக்கு ஒன்றுதான்.

எல்லாம் அவன் வாய் செய்த வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா கத்தரிக்கோலோடு துரத்தியபோது, "ஐயோ, இது பெருமாளுக்கு நேந்துக்கின முடிம்மா!" என்று ஒரு போடு போட்டான். அவன் ஊரான பிச்சாட்டூரே அவன் பக்தியில் உருகியது. திருப்பதி மலைக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு இந்தப் பொய்யைச் சொல்வது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் திருடுவது மாதிரி என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

"வேண்டுதல இன்னும் பலிக்கலியேம்மா. வேல பர்மனென்ட் ஆவணுமே."

"ஆயிடுச்சே! பவன்குமாரு நேத்தே எங்கிட்ட வந்து ஸ்வீட்டு கேட்டுக்கினு நின்னான்."

பவன்குமார் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் அவனோடு வேலை பார்ப்பவன். அவர்கள் குழுவில் டிரம்ஸும் அவன்தான். எதையும் மெதுவாகத் தட்டத் தெரியாது.

லோகு சளைக்கவில்லை. "அது பாதிதாம்மா. கல்யாணமும் கூடணும்னு வேண்டிக்கினேன்."

அம்மாவின் முகத்தில் டியூப்லைட் எரிந்தது. திங்களன்று அவன் இதைச் சொன்னான். புதனன்று சூளூர்பேட்டையில் பெண் வீட்டுப் பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தான்.

பெண் அக்ஷயாவைப் பார்த்ததும் அவனுக்குப் பஜ்ஜி இறங்கவில்லை. அவ்வளவு பிடித்துவிட்டது.

"கிட்டாரு வாசிப்பீங்களாமே? நான் வீண கத்துக்கினவ. ஞாயித்துக்கெழம வந்து முன்னால உக்காந்து உங்க விரலையே பாத்துக்கினு இருப்பேன்," என்றாள் அவள்.

தட்டு மாற்றினார்கள். "கூடிடுச்சி பாத்தியா! இதுக்கு மேல பெருமாள காக்க வெக்கக் கூடாதுடா," என்றாள் ரத்னம்மா. வெள்ளிக்கிழமை முடி மலையில் இறங்கியது.

முடி போனதுகூடப் பெரிதில்லை. அது மறைத்திருந்த வேலைதான் பெரிது.

ஹார்ட் ராக்கில் டேப்பிங் என்று ஒன்று உண்டு. இரண்டு கை விரல்களும் கிட்டாரின் கழுத்தில் எறும்பு மாதிரி ஓடித் தட்ட வேண்டும். லோகு கம்பியை வளைத்து அழ வைப்பான். டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து உறும வைப்பான். டேப்பிங் மட்டும் வராது. அதனால் பாட்டு நடுவே டேப்பிங்கில் வரும் தனி வாசிப்பை, அந்த சோலோவை, மெதுவாக வாசித்து, கம்ப்யூட்டரில் வேகம் ஏற்றி, ஒரு பழைய போனில் பதிந்து, சவுண்டு சர்வீஸ் கன்னையாவிடம் கொடுத்துவைத்திருந்தான். சோலோ வந்ததும் கன்னையா மிக்ஸரில் கிட்டார் சத்தத்தை அமுக்கிவிட்டுப் போனைத் திறந்துவிட வேண்டும். லோகு முடியை முன்னால் உதறிக் கைகளை மூடிக்கொண்டு, உள்ளே கண்டபடி பிராண்டுவான். காதருகே பவன்குமார் இடிக்கிற இடியில் எது கேட்கிறதென்று அவனுக்கே தெரியாது. ஆனால் ஊர் ஊராக விசில் பறந்தது.

"குல்லா போட்டுக்கோடா," என்றான் பவன்குமார்.

"குல்லா தலைய மறைக்கும். கைய எது மறைக்கும்? அவ வீணக்காரிடா!"

ஒரே வழிதான் இருந்தது. சத்தம் சரியாக வராவிட்டாலும் போனில் ஓடுகிற சோலோவுக்கு விரல் பொருந்த வேண்டும். சனிக்கிழமை முழுக்கத் தட்டித் தட்டி விரல் நுனி கொப்பளித்தது.

"டேய், முடி போயும் வெறி போவலியா? கோழி முட்ட போட மாட்டுதுடா!" என்று ரத்னம்மா கத்தினாள்.

ஞாயிறு வந்தது. சந்தனம் பூசிய மொட்டையில் மேடை விளக்கெல்லாம் தெறித்தது. முன்வரிசையில் அக்ஷயா கண் கொட்டாமல் விரலையே பார்த்தாள். சோலோ வந்தது. லோகுவின் விரல்கள் மயிரிழை பிசகாமல் போனோடு ஓடின. அவள் எழுந்து நின்று கைதட்டினாள்.

அவள் மட்டும்தான் தட்டினாள். கூட்டம் கொட்டாவி விட்டது. "இன்னாய்யா இது, காலர் டியூன் மாதிரி கீது!" என்று பின்னால் ஒரு குரல். பரிசு சித்தூர் பசங்களுக்குப் போனது.

லோகு மிக்ஸர் மேசைக்கு ஓடினான். "இன்னாண்ணா ஆச்சி? ரெண்டு வருசமா இதே சோலோவுக்குத்தானே விசிலடிச்சானுங்க?"

கன்னையா ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "இதே சோலோவா? உன் போன் ஒயரு மொத கச்சேரியிலயே கட்டாயிடுச்சிப்பா. சொன்னா திட்டுவியேன்னு இத்தினி நாளா உன் கிட்டாரையே அமுக்காம விட்டுக்கினு இருந்தேன், இன்னிக்கி பொண்ணு வந்துகீதேன்னுதான் புது ஒயரு வாங்கிப் போட்டேன்."