முப்பத்துமூன்றில் ஏழு எலும்பைக் காணவில்லை

சிறுவர் மாத இதழ் ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு,

பாறசாலைக்கு அடுத்த கொல்லயிலில் வெல்டிங் கடை வைத்திருக்கும் பொன்னுதாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அலுவலகத்தாரும் நலமாயிருப்பீர்கள். நாங்கள் அப்படி இல்லை. காரணம் உங்கள் இந்த மாத இதழ்.

முதுகெலும்பில் குழந்தைகளுக்கு முப்பத்துமூன்று எலும்பு, பெரியவர்களுக்கு இருபத்தாறு என்று போட்டிருந்ததை என் மகள் ஜெஸ்மிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பள்ளியில் மலையாளம் படிப்பவள், தமிழும் இருக்கட்டுமே என்று. ஆறு வயது. அந்த வாரம்தான் முன்பல் விழுந்திருந்தது. “பாக்கி ஏழெண்ணம் எங்கப்பா?” என்றாள். தெரியாது என்று சொல்ல வாய் வராமல், “வளரும்போ போயிரும் மக்கா” என்றேன். அவ்வளவுதான். மறுநாள் காலையில் படுக்கையை உதறிப் பார்க்கிறாள், கட்டிலுக்கடியில் தேடுகிறாள், ஓடமாட்டேன், குதிக்கமாட்டேன், பள்ளிப் பையைத் தொடமாட்டேன் என்கிறாள்; நான் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினால், “அப்பாக்கு இன்னும் ஒண்ணு விழுந்தாச்சு” என்று அழுகிறாள். “பிள்ளைய பயமுறுத்தினது நீங்களாக்கும், நீங்களே சரியாக்குங்க” என்று சொல்லிவிட்டு என் மனைவி சோனா வேலைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பக்கத்து வீட்டு நர்ஸ் பிரசீதாவிடம் ஓடினேன். “ஒண்ணும் விழாது அண்ணா. கீழ உள்ள ஒம்பதுல அஞ்சு சேர்ந்து ஒண்ணாவும், நாலு சேர்ந்து ஒண்ணாவும்” என்றார்.

சேர்ப்பதுதானே என் தொழில்! ஜெஸ்மியைக் கடைக்குக் கூட்டிப்போய், முப்பத்துமூன்று நட்டுகளைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தேன். வளைத்து வளைத்துப் பார்த்தாள். பிறகு அவளைத் தூரத்தில் திரும்பி நிற்கவைத்து, கடைசி ஒன்பதை மட்டும் கழற்றி, ஐந்தை ஒன்றாகவும் நாலை ஒன்றாகவும் பற்றவைத்து, சூடு ஆறியதும் மறுபடி கோத்தேன். எண்ணினாள். இருபத்தாறு.

“ஏதாவது தொலைஞ்சுதா?” என்று கேட்டேன்.

“இல்ல. எல்லாம் இங்கயே உண்டு.” என் பின்னால் வந்து இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். “இங்கயாப்பா?” குனிந்தே வேலை பார்த்து மரத்துப்போன இடம். “அங்கதான் மக்கா” என்றேன்.

“ஆரு வெல்டு பண்ணுவா?”

பிரசீதா அதைச் சொல்லித் தரவில்லை. “படைச்சவர்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் போய், பற்றவைக்கும்போது கடவுள் கறுப்புக் கண்ணாடி போடுவாரா என்று கேட்டிருக்கிறாள். போதகர் பார்த்த பார்வையில் நான் என் செருப்பைத் தேடினேன்.

ஆகவே ஐயா, எண்ணிக்கையைப் போட்டால் மிச்சம் எங்கே போயிற்று என்றும் போடவேண்டும். அடுத்த மாதம் முதல் இதழ் அனுப்ப வேண்டாம்.

தங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து நடக்க வேண்டிக்கொள்ளும்,
பொன்னுதாஸ்

பி.கு.: முகவரி பார்க்க இதழை எடுத்தால் பதினாலாம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் கஞ்சி பட்டு ஒட்டிக் கிடந்தன. பிரித்தேன். எல்லாம் படம்போட்டு விளக்கியிருக்கிறீர்கள். புகாரை வாபஸ் வாங்குகிறேன், இதழ் வரட்டும். ஜெஸ்மியிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அப்பா சொன்னதக் கேட்டாக்கும் இவிய எழுதியிருக்காவ” என்றாள். மன்னிக்கவும், நான் மறுக்கவில்லை.