கட்டியில்லா நாடு

சேமபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே மக்களுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. குறையை எழுதிக் கொடுப்பதற்கான படிவத்தை அந்நாட்டு அச்சகம் ஒருபோதும் அச்சடித்ததில்லை. ஆள்பவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் வென்றவர் நாற்காலியில் அமர்ந்த மறுநாளே அவரை அரசி என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

அந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் துறை இருந்தது. அணைகளுக்கு ஒரு துறை, அணை திறப்பு விழாக்களுக்கு ஒரு துறை. தலைமை அலுவலகத்தின் மொட்டைமாடியை ஒட்டிய அறையில் 'ஏன் என்று கேட்கும் துறை' இருந்தது. அதில் ஒரே ஓர் அலுவலர். பெயர் உமையாள்.

சேமபுரியின் பெண்களுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்துகொண்டிருந்தது. ஊருக்கு ஊர் சோதனைக் கூடாரம் போட்டிருந்தார்கள். சோதனை இலவசம். ஆனாலும் பெண்கள் வரவில்லை. வந்தால், கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு ஆனபின் வந்தார்கள். ஏன் வருவதில்லை என்று கேட்டுவரும்படி உமையாளை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் அவள் களத்துமேட்டிலும் குழாயடியிலும் உட்கார்ந்து கேட்டாள். பெண்கள் முதலில் ஒரு காரணம் சொல்வார்கள். எழுந்து போகும்போது வேறொரு காரணம் சொல்வார்கள். இரண்டாவதுதான் உண்மை என்று அவள் கற்றுக்கொண்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையை எழுதி முடித்த அன்று, தன்னைத் தனக்கே பிடித்திருப்பதைக் கொஞ்சம் கூச்சத்துடன் கவனித்தாள்.

நலத்துறை அமைச்சர் பரமகுரு அறிக்கையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு பக்கமா? ஏம்மா, நாட்டை ஆள்றவனுக்கு மூணு வரிக்கு மேல போனா மூச்சு வாங்காதா? நல்லதா மூணு வரி எடுத்துக் குடுங்க."

உமையாள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஒன்றுமே படிக்கப்படாமல் போவதற்கு மூன்று வரியாவது படிக்கப்படட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்தாள். அழகாக அமைந்திருந்தன என்பதற்காகவே அவற்றைத் தான் தேர்ந்தெடுத்தது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

முதல் வாக்கியம்: பாராட்டுக் கிடைக்கும் செயலை மக்கள் மறுபடியும் செய்கிறார்கள்.

அமைச்சருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எந்த ஊரில் ஒரு கட்டிகூட இல்லையோ அந்த ஊரின் நுழைவாயிலில் அரசு செலவில் அலங்கார வளைவு கட்டப்படும், அதில் 'கட்டியில்லா ஊர்' என்று பொன்னெழுத்தில் பொறிக்கப்படும் என ஆணை வந்தது. இரண்டே மாதத்தில் அறுபது வளைவுகள் எழுந்தன. அந்த இரண்டு மாதத்தில், உடம்பு சரியில்லாத பெண்கள் பலர் எல்லை ஆற்றின் அக்கரையில் இருந்த ஒன்றுவிட்ட உறவினர் வீடுகளுக்கு விருந்தாடப் போயிருந்தார்கள்.

உமையாள் அமைச்சரிடம் ஓடினாள். "ஐயா, கட்டி இல்லாததுக்குப் பரிசு குடுக்கச் சொல்லலை. சோதனைக்கு வந்ததுக்குக் குடுக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? பாத்தா இருக்கு. பாக்காட்டி இல்லை."

இரண்டாவது வாக்கியம்: அடுத்த வீட்டார் செய்வதைப் பார்த்தே மக்கள் செய்கிறார்கள். உடனே ஒவ்வோர் ஊரிலும் சுவர் ஒன்றுக்கு வெள்ளையடித்து, சோதனைக்கு வராதவர்களின் பெயர்களைக் கறுப்பு மையில் எழுதினார்கள். பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது நின்று படித்தார்கள். ஊர்த்தலைவரின் மனைவி பெயர் இருந்தது, டீச்சர் பெயர் இருந்தது, மருத்துவச்சி பெயரே இருந்தது. இத்தனை பேர் போகவில்லையா என்று நிம்மதியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதுவரை வந்துகொண்டிருந்த சிலரும் நின்றுவிட்டார்கள்.

மூன்றாவது வாக்கியம்: கிடைப்பதைவிட, கையில் இருப்பதை இழப்பதற்கே மக்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். சோதனைச் சீட்டு இல்லாத வீட்டுக்கு ரேஷன் கடையில் எண்ணெய் கிடையாது என்று ஆணை வந்தது.

அந்த மாதம் சேமபுரியில் நூற்றுக்கு நூறு பெண்கள் சோதனை செய்துகொண்டார்கள். ஒருவருக்கும் கட்டி இல்லை. நாடு முழுவதும் பூச்சியம். கொட்டு மேளத்துடன் விழா நடந்தது. அமைச்சர் உமையாளுக்குப் பொன்னாடை போர்த்தி, "இந்த அம்மாவோட ஆராய்ச்சிதான் நம்ம ஆட்சியோட முதுகெலும்பு" என்றார். அரங்கம் கைதட்டியது. பூச்சியம் என்ற சொல்லை உமையாள் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழாயடியில் தன்னருகே உட்கார்ந்த பெண்களின் முகங்கள் அவளுக்கு நினைவிருந்தன. அவர்களில் சிலர் பேசும்போதே கையை முந்தானைக்குள் வைத்து எதையோ மறைத்ததும் நினைவிருந்தது.

மறுநாள் விடுப்புக்கூட எழுதாமல் கருவேலம்பட்டி என்ற ஊருக்குப் பஸ் ஏறினாள்.

கூடாரத்தில் பதிவேட்டைப் புரட்டினாள். நாற்பத்தொரு பெண்கள். நாற்பத்தொருவருக்கும் ஒரே உயரம், ஒரே எடை, இடது முழங்கையில் ஒரே தீக்காயத் தழும்பு.

"டாக்டர், இது உங்களுக்கு விசித்திரமா தெரியலையா?"

மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஊர்ப் பொம்பளைங்களோட குடும்ப வாகு போலன்னு நினைச்சேன்."

தழும்புக்காரியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே வடை சுட்டுக்கொண்டிருந்தாள். பெயர் சிகப்பி. உமையாள் பதிவேட்டின் நகலை நீட்டியதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்; ஆனால் பயந்ததாகத் தெரியவில்லை.

"நாப்பத்தோரு தடவை படுத்திருக்கேன்க்கா. ஒவ்வொரு தடவையும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்கறாக. இந்த நாட்டுலயே என் உடம்பு மாதிரி சுத்தமான உடம்பு எவளுக்கு இருக்கு சொல்லுங்க? ஒரு பேருக்குப் படுத்தா காப்படி எண்ணெய் தருவாளுக. வடைக்கு ஆச்சு."

"அவங்கள்ல யாருக்காவது நிஜமாவே..." என்று தொடங்கினாள் உமையாள்.

சிகப்பி எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தெய்வானைக்கு" என்றாள். "பள்ளிக்கூடத்துல சோறாக்குறாளே, அவ. சீட்டுல ஒண்ணுமில்ல. மாருல இருக்கு."

தெய்வானைக்கு நாற்பது வயது இருக்கும். சாப்பாட்டு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். உமையாள் மெல்ல விஷயத்தைச் சொன்னதும் அவள் வீட்டுக்குள் போய்ச் சீட்டை எடுத்துவந்தாள். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது.

"எனக்குத்தான் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காகளே!"

"அது சிகப்பிக்கு எழுதினது தெய்வானை."

"தெரியும்ங்க. மொதல்ல பொய்னு நல்லாத் தெரிஞ்சுச்சு. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சு தெனம் பாத்தேனா... இப்ப அதுதான் நெசம்னு தோணுது. கையை வச்சுப் பாத்தாத்தான் சந்தேகம் வருது. அதனால கையை வைக்கிறதில்ல."

உமையாளுக்கு அந்தச் சட்டத்தை உடைக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த கணம், அதைச் செய்து கொடுத்ததே தான்தான் என்று பட்டது. மூன்று அழகான வாக்கியங்கள் கைமாறிக் கைமாறி இந்தச் சுவரில் வந்து தொங்குகின்றன. நடந்ததை எழுதி மேலே அனுப்பினால் சிகப்பி சிறைக்குப் போவாள், தெய்வானை அக்கரைக்குப் போவாள். எழுதாவிட்டால் தெய்வானை இந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே சாவாள். உமையாள் தனக்குத் தெரிந்த எல்லாப் புள்ளிவிவரங்களையும் மனசுக்குள் அடுக்கினாள். நூற்றில் இத்தனை பேர், இத்தனை மாதம் முந்தினால் இத்தனை ஆண்டு. வாயைத் திறப்பதற்குள், கூடவே வந்திருந்த சிகப்பி முந்திக்கொண்டாள்.

"ஏண்டி, நாளைக்கு அடுத்த மாசச் சீட்டுக்காக மாரியாயி பேருக்கு நான் கூடாரத்துக்குப் போறேன். தொணைக்கு வர்றியா? நீ ஒண்ணும் படுக்க வேணாம். வாசல்ல நில்லு. எனக்கும் நாப்பத்திரெண்டாவது தடவை, தனியாப் போயிப் போயி அலுப்பா இருக்கு."

தெய்வானை வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே திரையை எப்படி இழுப்பது, ரவிக்கையை எந்த ஆணியில் மாட்டுவது, மருத்துவர் கையை வைக்குமுன் என்ன கேட்பார், நாம் எப்போது கூரையைப் பார்க்கவேண்டும் என்று சிகப்பி உள்ளிருந்தே வழித்துணைபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். "கூரைக் கீத்துல ஒரு பல்லி இருக்குடி, அதுதான் எனக்குச் சிநேகிதி." வெளியே தெய்வானை சிரித்துவிட்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். உமையாள் வெளியில் நின்றாள். இரண்டு ஆண்டுகள் ஏன் ஏன் என்று கேட்டவளுக்கு, எந்தப் பெண்ணிடமும் 'நான் கூட வரட்டுமா' என்று கேட்கத் தோன்றவில்லையே என்பது அங்கே நின்றபோது நெஞ்சில் தைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் இதமாகவும் இருந்தது, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்ததுபோல.

கட்டி இருந்தது. மூன்று மாதம் மருந்து, அதன்பின் தலைநகரில் அறுவை, பிழைத்துக்கொள்வாள் என்றார் மருத்துவர்.

சிகப்பி மற்ற பெண்கள் எல்லாரையும் ஒவ்வொருத்தியாக, அவரவர் பெயரிலேயே கூட்டிவந்தாள். அறிவுரை சொன்னதில்லை. பயமுறுத்தியதில்லை. அடுத்த தேதிக்கும் கூடவே போனாள்; பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். உமையாள் ஊர் ஊராகப் போய்ப் பதிவேடுகளைப் புரட்டினாள். அவள் எதிர்பார்த்தது சரிதான். ஓர் ஊரில் எல்லாருக்கும் ஒரே தழும்பு, இன்னோர் ஊரில் ஒரே மச்சம், வேறோர் ஊரில் ஒரே கோணல் விரல். எல்லா ஊரிலும் ஒரு சிகப்பி இருந்தாள். நாட்டிலேயே சோதனைக்கு அதிகம் பழகிய, கூடாரத்தைக் கண்டு அஞ்சாத அந்தப் பெண்களை ஒருத்திகூட விடாமல் கண்டுபிடித்து, பெயருக்குப் படுத்தவர்களைப் பக்கத்தில் நிற்பவர்களாக மாற்றினாள். இந்த முறை அறிக்கை எழுதவில்லை. எழுதினால் யாராவது மூன்று வரி கேட்பார்கள்.

மூன்றே மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

உமையாளையும் சிகப்பியையும் வரவழைத்து அவை கூடியது. அமைச்சர் பரமகுருவுக்குக் குரல் தழுதழுத்தது. "அரசியாரே, பூச்சியமா இருந்த நாடு! இன்னைக்கு முந்நூத்திப் பன்னெண்டு! தேர்தலுக்கு ஆறு மாசம்தான் இருக்கு. இந்த நோயைப் பரப்பினது இந்த ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி ஆராய்ச்சின்னு சொல்றா, ஒருத்தி வடை சுடுறா. தேர்தல் முடியுற வரைக்கும் கூடாரத்தையும் அறுவைக்கூடத்தையும் மூடிடுவோம். எண்ணிக்கை தானா எறங்கிடும்."

தெய்வானையின் அறுவைக்கு இரண்டு நாள் இருந்தது. அவள் வெளி மண்டபத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உமையாள் எழுந்தாள். "அந்த மூணு ஆணையும் என் வாக்கியங்கள்ல இருந்து வந்தது அரசியாரே. அந்தத் தப்பு என்னோடது. ஆனா இந்த முந்நூத்திப் பன்னெண்டு பேரும் பூச்சியம்னு விழா எடுத்த அன்னைக்கும் இருந்தாங்க. அன்னைக்கு அவங்க கையில சீட்டு இருந்தது. இன்னைக்கு மருந்து இருக்கு."

"அப்ப சீட்டுல மோசடி நடந்திருக்கு!" என்று துள்ளினார் அமைச்சர். "அடுத்தவ பேருல படுத்தவளை முதல்ல உள்ள தள்ளணும்!"

சிகப்பி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தள்ளுங்கய்யா. நான் படுத்தது தப்புதான். ஆனா எண்ணெய் ஆணை வந்தப்ப அரமனைப் பின்வாசல் வழியா என்னைய ரெண்டு தடவை கூட்டிட்டு வந்து, வேற பேரு சொல்லிக் குடுத்துப் படுக்க வச்சாகளே. அந்தப் பேரையும் இங்க சொல்லலாங்களா?"

அமைச்சர் கூரையைப் பார்த்தார். உமையாள் அரசியைப் பார்த்தாள். இரண்டு ஆண்டுகள் குழாயடியில் உட்கார்ந்தவளுக்கு அந்த அசைவு தெரிந்தது: அரசியின் வலது கை, பட்டு முந்தானைக்குள் மெதுவாகப் போய் நின்றது.

"அந்த வடை சுடும் பெண் மட்டும் இருக்கட்டும்" என்றார் அரசி. "மற்றவர்கள் போகலாம்."

கூடாரங்கள் மூடப்படவில்லை. இரண்டு நாள் கழித்துத் தெய்வானைக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. அன்று காலை வரவேண்டிய சிகப்பி மதியத்துக்குமேல்தான் வந்தாள். எங்கே போயிருந்தாய் என்று உமையாள் கேட்டபோது, "இன்னொருத்திக்கும் தொணை வேண்டியிருந்துச்சுக்கா" என்றாள், பெயர் சொல்லவில்லை. அந்த வாரக் கணக்கில் எண்ணிக்கை முந்நூற்றுப் பதின்மூன்று ஆகியிருந்தது.

தேர்தல் வந்தது. பதவியை இழந்திருந்த பரமகுரு தனிக்கட்சி தொடங்கி, அரசியை எதிர்த்து நின்றார். கருவேலம்பட்டிக் கூட்டத்தில் அவர் பேசியபோது உமையாளும் நின்று கேட்டாள்.

"தாய்மார்களே! நான் அமைச்சரா இருந்தப்ப இந்த நாட்டுல ஒரே ஒரு கட்டி இருந்ததா? நெஞ்சுல கைவச்சுச் சொல்லுங்க!"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். தலைமுடி இப்போதுதான் ஒட்ட முளைத்துக்கொண்டிருந்தது. தெய்வானை.

"எங்கிட்ட இருந்துச்சுங்கய்யா. இப்ப இல்ல."

கேள்விகள் கூட்டத்தின் முடிவில்தான் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தெய்வானை உட்காரவில்லை. அவள் பக்கத்தில் சிகப்பி எழுந்து நின்றாள். அப்புறம் அந்த வரிசையில் மற்ற பெண்களும் ஒவ்வொருவராக எழுந்துகொண்டிருந்தார்கள்.